விழுந்தா அக்காவும் எழுந்து நின்ற போனட்டும்

சிவப்பு விளக்கைக் கண்டு மனதார மகிழ்கிற ஒரே ஜீவன் ஜொகூர் மாநிலத்தில் விழுந்தா அக்காதான். மற்றவர்கள் மஞ்சளைப் பார்த்ததும் பாய்ந்துவிடுவார்கள். அக்கா தூரத்திலிருந்தே வேகத்தைக் குறைத்துக்கொண்டு மஞ்சளுக்குக் காத்திருப்பார். சிவப்பு வந்ததும் காரை நிறுத்தி, கைகளை உதறி, கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பி, "நல்லதாப் போச்சு, கொஞ்சம் ஓய்வு" என்பார். பின்னால் நிற்கும் காரில் இருப்பவர் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் தைரியம் எங்களில் யாருக்கும் இருந்ததில்லை.

நாங்கள் என்றால் நான், முரளி, சாந்தி. ஸ்கூடாயிலிருந்து கெலாங் பாத்தா வழியாக இரண்டாம் பாலத்தைத் தாண்டி, சிங்கப்பூரில் ஒரே தொழிற்சாலைக்குப் போய் வந்தவர்கள். நான் ஸ்டோரில், முரளி மெஷின் பிரிவில், சாந்தி பேக்கிங்கில். அக்கா தரம் பார்க்கும் பிரிவில் சூப்பர்வைசர். தினமும் அவர் காரில்தான் பயணம். பொருளில் மயிரிழைக் கீறல் தேடுகிற அந்தக் கண்ணை வேலை முடிந்ததும் கழற்றி வைக்க அவருக்குத் தெரியாது. சாலையிலும் தேடிக்கொண்டே வருவார்.

அவருக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்தது. வேலை அட்டையில் அச்சடித்தும் இருந்தது. யாரும் அதைப் படித்ததில்லை. காரில் ஏறி நாங்கள் கண்ணை மூடினோமோ இல்லையோ, கேள்வி ஆரம்பிக்கும்.

"தம்பி, முன்னுக்குச் செம்பனை லோரி போவுது. அதுலேர்ந்து ஒரு குலை விழுந்தா என்ன செய்வே?"

"பிரேக் அடிப்பேன்கா," என்றேன்.

"பின்னால பஸ் வருது, பாத்தியா?"

"இல்லக்கா."

"அப்ப குலைக்குத் தப்பிச்சு பஸ்ஸுகிட்ட மாட்டிக்கிட்ட. சாந்தி, நீ சொல்லு."

சாந்தி கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "நான் அந்த லோரிக்குப் பின்னாலேயே போக மாட்டேன்கா."

அக்கா பூரித்துப்போனார். பரிசாக அன்றிலிருந்து ஒரு வாரம் சாந்திக்கு முன் இருக்கை கிடைத்தது. முன் இருக்கையில் இருப்பவர் தூங்கக் கூடாது என்பது அக்காவின் சட்டம். அதற்குப் பிறகு சாந்தி சரியான பதில் எதையும் சொல்லவில்லை.

மரம் விழுந்தா, மோட்டார்காரன் விழுந்தா, முன்னால் போகிற வண்டியின் டயர் கழன்று விழுந்தா என்று போய்க்கொண்டே இருக்கும். பெயரும் அப்படியே விழுந்தா அக்கா ஆகிவிட்டது.

பின்னால் ஒட்டிக்கொண்டு விளக்கை அடிக்கிறவர்களிடம் அவருக்குக் கோபமே வராது. ஓரமாக ஒதுங்கி, விருந்தாளியை வீட்டுக்குள் அழைப்பதுபோல் கையைக் காட்டி, "சிலாக்கான், சிலாக்கான்" என்று மலாயில் வழிவிடுவார். ஒருமுறை ஒருவன் எங்களைத் தாண்டும்போது கண்ணாடியை இறக்கி ஏதோ கத்தினான்.

"அக்கா, அவன் நம்மளத் திட்டுறான்," என்றான் முரளி.

"திட்டிக்கிட்டே பத்திரமாப் போய்ச் சேரட்டும்."

கெலாங் பாத்தா பக்கம் ஒருநாள் பெரிய உடும்பு ஒன்று சாலையைக் கடந்தது. அக்கா முன்கூட்டியே பார்த்து, நான்கு பக்க விளக்கையும் போட்டு, பதறாமல் நிறுத்தினார். உடும்பு நடுச்சாலையில் நின்று அவரைப் பார்த்தது. அவரும் பார்த்தார். இரண்டு பேருக்கும் அவசரமில்லை. வேலைக்குத் தாமதமாகிவிட்டது. மேனேஜர் காரணம் கேட்டார். "உடும்பு சார்" என்றார் அக்கா. அதற்கு மேல் விளக்கம் தேவை என்று அவருக்குத் தோன்றவில்லை. மேனேஜருக்கும் அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை.

முரளிக்கு மட்டும் இதெல்லாம் பொறுக்காது. அக்கா ஓட்டுவதைத் தேர் ஊர்வலம் என்பான். அவனிடம் ஒரு பழைய கார் இருந்தது. நல்ல சிவப்பு. போனட் முழுக்கத் தீப்பிழம்பு ஸ்டிக்கர். அது கிளம்பினால் எங்கள் தாமான் குடியிருப்பே தூக்கத்திலிருந்து எழுந்துகொள்ளும்.

எங்களோடு வேலை பார்த்த ஒருவருக்குப் பாலோவில் கல்யாணம். அக்காவின் கார் அன்று சர்வீஸுக்குப் போயிருந்ததால் முரளியின் காரில் போவதாக முடிவானது. பட்டுப்புடவையில் வந்த அக்கா காரை ஒரு சுற்றுச் சுற்றினார். டயரை உதைத்தார். போனட்டை அழுத்திப் பார்த்தார். அசையவில்லை.

"காடி பரவாயில்ல, போகலாம். ஆனா நீ ஓட்டினா நான் பஸ்ல வரேன்."

முரளி சாவியைக் கொடுத்துவிட்டு, சாந்தியோடு பின்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் முன்னால்.

சிம்பாங் ரெங்கத்தைத் தாண்டி நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தோம். திடீரென்று டமார் என்று ஒரு சத்தம். போனட் எழும்பி, கண்ணாடியில் வந்து அறைந்தது. உள்ளே கொக்கி துருப்பிடித்துக் கிடந்தது பிறகுதான் தெரிந்தது. எதிரே சாலை இல்லை, வானம் இல்லை. என் மூக்குக்கு நேராக முரளியின் தீப்பிழம்பு மட்டும்தான் இருந்தது.

நான் ஓட்டியிருந்தால் பிரேக்கை மிதித்து நசுக்கியிருப்பேன். அக்கா மிதிக்கவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். நான்கு பக்க விளக்கும் டிக் டிக்கென்று அடிக்க ஆரம்பித்தது. ஸ்டியரிங் அசையவில்லை.

"யாரும் கத்தாதீங்க. சாந்தி, பின்னால என்ன வருது?"

"லோரிக்கா. தூரத்துல இருக்கு. ஸ்லோ பண்றான்."

"தம்பி, கண்ணாடிய எறக்கு. கோட்டைப் பாத்துச் சொல்லு. நான் இடது பக்கம் ஒதுங்குறேன்."

அவர் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கி, வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டே காரை நேராகப் பிடித்தார். நான் என் பக்கம் குனிந்தேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது.

"கோடு ரெண்டடி இருக்குக்கா. ஓரடி. கோட்டு மேல போறோம். தாண்டிட்டோம். ஓரத்துத் தடுப்புக் கம்பி கிட்ட வருது."

"நின்னுறாத, சொல்லிக்கிட்டே இரு."

பின்னாலிருந்து முரளி மெல்லக் கேட்டான். "அக்கா, நான் என்ன செய்யட்டும்?"

"நீ சும்மா இரு. அதுவே பெரிய ஒத்தாசை."

பிரேக்கைத் தடவிக் கொடுப்பதுபோல் மிதித்து, அவசரப் பாதையில் கார் நின்றது. அந்த லோரி எங்களைத் தாண்டும்போது ஓட்டுநர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். எல்லாரையும் இடது பக்கக் கதவு வழியாக இறக்கினார் அக்கா. முரளி நேராகப் போனட்டைப் பார்க்கப் போனான்.

"காடிய அப்புறம் பாரு. மொதல்ல கம்பிக்கு அந்தப் பக்கம் போ."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவரும் கம்பியைத் தாண்டி வந்தார். புல்லில் உட்கார்ந்தார். உதவிக்குப் போன் பண்ண முயன்றார். முடியவில்லை. தப்பான எண்ணையே திரும்பத் திரும்ப அழுத்தினார். நான் வாங்கிப் பேசினேன்.

முரளி தலை குனிந்து நின்றான். ஒரு நீண்ட பாடத்துக்கு நாங்கள் மூவருமே தயாராக இருந்தோம்.

"இப்படி ஒண்ணு நடக்கும்னு நான் யோசிக்கவே இல்ல, முரளி," என்றார். அவ்வளவுதான் பாடம்.

முரளி தண்ணீர்ப் புட்டியைத் திறந்து அவர் வாயருகே பிடித்தான். அவர் குடித்து முடிக்கும்வரை பிடித்துக்கொண்டே இருந்தான்.

"ரொம்பப் பயந்துட்டீங்களாக்கா?" என்று கேட்டாள் சாந்தி.

"ஒங்க வீட்டுக்கெல்லாம் போன் பண்ணி என்னன்னு சொல்றதுன்னு நெனச்சேன். அந்தப் பயம்தான்."

நாங்கள் மூவரும் அவர் பக்கத்திலேயே புல்லில் உட்கார்ந்தோம். வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

இழுவை லோரி வந்து, வாடகைக் கார் பிடித்து, பாலோ போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. கடைசிப் பந்தி. பாயசம் தீர்ந்துவிட்டது. முரளி சாப்பிடவே இல்லை. மேசை மேசையாகப் போய் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு மேசையிலும் காரின் வேகம் கூடியது. மாப்பிள்ளையிடம் சொல்லும்போது விமானமே அந்த வேகத்தில் போகாது. "அக்கா கண்ண மூடிக்கிட்டே நிறுத்தினாங்க" என்று முடித்தான். அக்கா ஒரு அப்பளத்தை உடைத்தபடி, "கண்ணத் தெறந்துதான் நிறுத்தினேன்" என்று திருத்தினார். யாரும் கேட்கவில்லை.

நான் இப்போது மூவாரில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் இருக்கிறேன். முரளியும் சாந்தியும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். அக்கா இன்னும் அதே பாலத்தைத்தான் தினமும் தாண்டுகிறாராம். அவர் காரில் புதிதாக மூன்று பேர் ஏறுகிறார்களாம், தூங்க விடுவதில்லை என்று புலம்புகிறார்களாம்.

அந்த மூன்று பேர் மீதும் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.