சுண்டுவிரல் தடிமனில் ஒரு ஒயர்

துணிக்கொடி அறுந்து ஒரு வாரமாகிறது. கயிறு வாங்கி வருகிறேன் என்று கிளம்பிய மனுஷர், சுண்டுவிரல் தடிமனில் ஸ்பீக்கர் ஒயர் வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

இன்சூரன்ஸ் ஆபீசில் கிளார்க் வேலை அவருக்கு. ஆனால் தன் காதைப் பற்றி அவர் அடிக்கும் தம்பட்டம் இருக்கிறதே, ஊர் தாங்காது. பக்கத்துத் தெருவில் குக்கர் விசிலடித்தால் எந்த வீட்டுக் குக்கர் என்று சொல்லிவிடுவாராம். மனைவி கூப்பிடுவது மட்டும் அந்தக் காதில் விழாது.

"கயிறு எங்கேங்க?"

"கயிறு கிடக்கட்டும். இதைப் பாரு, சுத்தமான செம்பு! இனிமே நம்ம ஸ்பீக்கர் பேசும்!"

"அது பேசறது இருக்கட்டும். ஈரத்துணியை எங்கே போடறது?"

ஈரத்துணி ஏற்கெனவே ஸ்பீக்கர்மேல்தான் காய்ந்துகொண்டிருந்தது. இடப்பக்கம் துண்டு, வலப்பக்கம் இரண்டு பனியன். பார்த்ததும் அவருக்கு ரத்தம் கொதித்தது.

"வாயில துணியை அடைச்சா எப்படிப் பாடும்?"

"கத்தாதீங்க. ஒரு பந்தயம். நீங்க கண்ணை மூடி உட்காருங்க. நான் பின்னால உட்கார்ந்து பழைய ஒயர், புது ஒயர்னு மாத்தி மாத்தி மாட்டறேன். எது எதுன்னு சரியாச் சொன்னா புது ஒயர் உங்களுக்கு. தப்பாச் சொன்னா எனக்கு."

"என் காதையே அறுத்துப் பந்தயம் வைக்கறேன்!"

மறுநாள் லீவு. குளித்து, காதைக் குடைந்து, சோபாவின் நட்டநடுவில் உட்கார்ந்து கண்ணை மூடினார். பாட்டு ஆரம்பித்தது.

"இது?"

"பழசு. தகர டப்பாக்குள்ள பாடற மாதிரி இருக்கு."

பின்னால் கொஞ்சம் உருட்டல். ஒரு இருமல். மறுபடி அதே பாட்டு.

"இப்போ?"

அவருக்கு உடம்பு சிலிர்த்தது. "அடடா, புதுசு! பாடறவர் என் மடியிலேயே வந்து உட்கார்ந்துட்டாரு! அடியில மெல்ல 'டிக், டிக்'னு ஒரு தாளம் வருது, கேக்குதா? இத்தனை நாளா பழைய ஒயர் அதை முழுங்கிட்டு இருந்திருக்கு!"

"கேக்குதுங்க. எனக்கு ரொம்பப் பக்கத்துலயே கேக்குது."

அவர் கண் கலங்கிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒப்புக்கொண்ட முதல் விஷயம் இதுதான். ஜெயித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் அந்த டிக் டிக்குக்குத் தொடையில் தாளம்கூடப் போட்டார்.

பாட்டு முடிந்தது. டிக் டிக் முடியவில்லை.

ஒரு கண்ணைத் திறந்தார். எழுந்துபோய் எட்டிப் பார்த்தார். மனைவி சம்மணம் போட்டு உட்கார்ந்து பச்சைப் பட்டாணி உரித்து, டிக், டிக்கென்று கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். கிண்ணம் நிறைந்திருந்தது. ஸ்பீக்கரில் அதே பழைய ஒயர், தூசிகூடக் கலையாமல்.

"புது ஒயர் எங்கே?"

அவள் முகவாயால் பால்கனியைக் காட்டினாள். "நீங்க குளிக்கப் போனப்பவே கட்டிட்டேன்."

சுத்தமான செம்பு, இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக விறைப்பாக நின்றது. துண்டும் பனியனும் காற்றில் ஜம்மென்று ஆடின.

"ஒரே ஒரு தடவை மாட்டிக் கேட்டுட்டுக் கொடுத்துடறேனே?" கெஞ்சினார்.

"வேண்டாங்க. பழசுக்கே பாடறவர் மடியில வந்து உட்கார்ந்துட்டாரு. புதுசை மாட்டினா வீட்டோட தங்கிடுவாரு. அப்புறம் அவர் துணியையும் நான்தானே துவைக்கணும்?"