கடல் கடந்த கவுன்

உலக சமாதானம் எங்கிருந்து புறப்படும் என்று வல்லரசுகள் எல்லாம் கூட்டம் போட்டுக் குழம்பிக்கொண்டிருக்க, அது சத்தமில்லாமல் ஆவடிக்குப் பக்கத்துப் பருத்திப்பட்டிலிருந்து புறப்பட்டுக்கொண்டிருந்தது. செவ்வாய், சனி இரண்டு நாளும் பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரை. நடுவில் டீக்கு அரை மணி இடைவெளி. இடம், திருமதி ஞானகுமாரி கிறிஸ்துதாஸ் வீட்டு மாடி ஹால். அமைப்பின் பெயர், 'கடல் கடந்த கருணைத் தையல் மன்றம்'.

மன்றத்தில் பன்னிரண்டு பெண்கள். ஏதோ ஒரு தீவு நாட்டில் உடுத்த உடையில்லாத குழந்தைகளுக்குத் தங்கள் திருக்கரங்களாலேயே கவுன் தைத்து அனுப்புவது லட்சியம். அந்த நாட்டின் பெயரை இரண்டு பேர் ஒரே மாதிரி சொல்லி யாரும் கேட்டதில்லை. போகட்டும், அன்புக்கு எதற்குப் பூகோளம்? அங்கே குளிரா வெயிலா என்ற கேள்வி வந்தபோதுகூட ஒருவரும் பதறவில்லை. ஓட்டெடுப்பு நடத்தினார்கள். ஏழுக்கு ஐந்து என்ற கணக்கில் குளிர் ஜெயித்தது. அன்று முதல் எல்லாக் கவுனுக்கும் முழுக்கை, உள்ளே லைனிங்.

பன்னிரண்டு பேரில் தைக்கத் தெரிந்தவள் ஒருத்திதான். அவள் பெயர் வனஜா. கோவில்பதாகையில் வீட்டு வாசலில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துப் பிழைப்பவள். பெரிய வீட்டு அம்மாக்களோடு பழகினால் நாலு கஸ்டமர் கிடைப்பார்கள் என்று நம்பிச் சேர்ந்தாள். கிடைக்கத்தான் செய்தார்கள். "எல்லாம் சேவைதானே வனஜா, அப்படியே இந்தப் பொடவைக்கும் ஃபால்ஸ் அடிச்சிடு" என்று உரிமையோடு கொடுத்தார்கள். மற்ற பதினொரு பேர் தைத்ததைப் பிரித்து மறுபடி தைப்பதும் அவள் வேலைதான். இதற்குக் 'குழுப்பணி' என்று பெயர்.

தரம் பார்க்க சிவராமன் இருந்தார். சீருடைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்து ரிடையர் ஆனவர். எல்லையில் நிற்கும் ஜவானின் சட்டைக்கு என்ன சோதனையோ, அதேதான் மூன்று வயதுக் குழந்தையின் கவுனுக்கும். அங்குலத்துக்குப் பத்துத் தையல் ஓடுகிறதா என்று லென்ஸ் வைத்து எண்ணுவார். எதிரி பிடித்து இழுத்தால் தாங்குமா என்று பொத்தானை இழுத்துப் பார்ப்பார். அப்புறம் ஊதா மையில் சீல் விழும்: 'பாஸ்' அல்லது 'ரிஜெக்ட்'.

ஆரம்பத்தில் ஒரு தடவை, விவரம் போதாமல், தலைவி ஞானகுமாரி யார் கையும் படாமல் தானே தைத்த கவுனுக்கு 'ரிஜெக்ட்' குத்திவிட்டார். ஒரு கை முழங்கையோடு நின்று, மறு கை விரல் நுனியையும் தாண்டிப் போனால் மனுஷன் என்னதான் செய்வார்? அடுத்த இரண்டு வாரம் அவருக்கு மட்டும் டீ வரவில்லை. மூன்றாவது வாரம் ஞானம் வந்தது. கோணல் குறையே அல்ல, அது கையால் செய்த பொருள் என்பதற்குச் சான்று, கம்பெனிக்காரன் தலைகீழாக நின்றாலும் அவனுக்கு அப்படி வராது என்று கண்டுபிடித்தார். அதற்குக் 'கைவேலை நயம்' என்று பெயரும் வைத்தார். தலைவியின் உருப்படிகளுக்கென்றே 'முதல் தரம்' என்று தனி சீல் ஒன்று செய்துகொண்டு வந்து, அந்தப் பழைய 'ரிஜெக்ட்' மேலேயே முதலில் குத்தினார்.

இப்படிக் கருணை பெருகிக்கொண்டிருந்த சமயத்தில்தான் மழையும் பெருகியது. கோவில்பதாகையில் வனஜா வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அதுவும் சாக்கடையோடு சேர்ந்து வந்த தண்ணீர். மிஷின் மோட்டார் போயிற்று. துணிப் பெட்டி போயிற்று. மகள் ரோஷினிக்கு மிஞ்சியது உடம்பில் இருந்த பள்ளிக்கூட யூனிபார்ம் ஒன்றுதான்.

வருகிற வியாழக்கிழமை ரோஷினிக்கு எட்டாவது பிறந்தநாள். பிறந்தநாள் அன்று மட்டும் யூனிபார்ம் இல்லாமல் கலர் டிரெஸ்ஸில் வரலாம் என்பது அவள் பள்ளிக்கூடத்தில் வழக்கம். வருஷமெல்லாம் கூட்டத்தோடு கூட்டமாக இருக்கிற பிள்ளை, அந்த ஒரு நாள்தான் தனியாகத் தெரியும். டீச்சர் மேஜைக்குப் பக்கத்தில் நிற்க வைத்து எல்லாரும் பாடுவார்கள். ரோஷினி ஜூன் மாதத்திலிருந்தே நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மன்றத்தில் வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். "அக்கா, ஊட்ல எல்லாம் தண்ணில பூட்ச்சு. வியாழக்கெழம பொண்ணுக்குப் பொறந்தநாளு. நான் தச்சதுல ஒண்ணே ஒண்ணு எட்துக்கட்டுமா?"

ஹாலில் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக முந்நூற்று நாற்பது கவுன்கள் இருந்தன. ஞானகுமாரிக்குக் கண் கலங்கியது. கண் கலங்கினால் அவசரக் கூட்டம் கூட்டுவது அவர் பழக்கம். கூட்டினார். பஜ்ஜி வந்தது.

மன்றத்தின் விதி தெளிவாக இருந்தது: கவுன்கள் வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு மட்டும். வனஜா வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் இன்னும் தண்ணீர் நிற்பதால், அதையும் ஒரு தீவு என்று எடுத்துக்கொள்ளலாமே என்றார் உறுப்பினர் வசந்தா. அருமையான யோசனை என்று எல்லாரும் பாராட்டி, ஆராய மூவர் துணைக்குழு போட்டார்கள். வெட்டி மிஞ்சிய துண்டுத் துணியையாவது கொடுக்கலாமா என்று இன்னொரு உறுப்பினர் ரேணுகா கேட்டார். துண்டானாலும் அது கடல் கடக்க வேண்டிய துண்டு என்று செயலாளர் கார்த்திகா விளக்கினார்.

கடைசியில் சிவராமன்தான் வழி கண்டார். 'ரிஜெக்ட்' ஆன உருப்படி வெளிநாடு போகக் கூடாது, தேசத்தின் மானம் போய்விடும். ஆனால் உள்ளூரில் கொடுக்கத் தடையில்லை. தீர்மானம் கைதட்டலோடு நிறைவேறியது. உடனே பெட்டிகளைப் பிரித்துத் தேடினார்கள். முந்நூற்று நாற்பதில் ஒரு ரிஜெக்ட் கிடையாது.

"உன் தையல்ல குறையே இல்லம்மா. அதான் கஷ்டமா போச்சு" என்று சிவராமன் உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வனஜா மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து உட்கார்ந்தாள். மஞ்சள் புள்ளி போட்ட நீலத் துணியை எடுத்தாள். ரோஷினியின் அளவுக்கு டேப் தேவைப்படவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகக் குறையோடு தைக்க வேண்டும். நேராக ஓடிப் பழகிய கை லேசில் வளைந்து கொடுக்குமா? இரண்டு தடவை தன்னையறியாமல் நன்றாகத் தைத்துவிட்டு, சே என்று பிரித்தாள். ஒருவழியாக இடது கை மூன்று விரல்கடை நீண்டது. கீழ் ஓரம் ஒரு பக்கம் ஏறியது. காலர் தோள் பக்கம் நகர்ந்தது. கோணலான இடத்திலெல்லாம் தையலைப் பெரிது பெரிதாகப் போட்டாள். நூலை உருவினால் பிரிந்துவிடும். புதன்கிழமை சாயங்காலம் கைத்தையலிலேயே சரிசெய்துவிடலாம். மற்றவர்கள் வருவதற்குள் குவியலின் நடுவில் அதைச் செருகி வைத்தாள்.

சிவராமன் அந்தக் கவுனைத் தூக்கினார். லென்ஸுக்கு அவசியமே இல்லை. இடது கையைப் பார்த்தார், ஓரத்தைப் பார்த்தார், முகம் மலர்ந்துபோனார். "இது யார் தச்சதுன்னு வேற சொல்லணுமா?" என்று தலைவி இருந்த பக்கம் ஒரு கும்பிடு போட்டு, 'முதல் தரம்' என்று அழுத்திக் குத்தினார்.

ஞானகுமாரி சனிக்கிழமைக் கூட்டம் முடிந்த கையோடு நசரத்பேட்டைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அன்று காலைதான் திரும்பியிருந்தார். அந்த வாரம் அவர் மிஷின் பக்கமே போகவில்லை. கவுனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுற்றிலும் கைதட்டல். உறுப்பினர் ஃபெபி தன் போனில் படமும் எடுத்தாகிவிட்டது.

"ஏதோ, கர்த்தர் குடுத்த கிருபை" என்று ஞானகுமாரி தலையைக் குனிந்துகொண்டார்.

வனஜா எழுந்து சிவராமனிடம் வந்தாள். "சார், அத்த தச்சது நானு."

"முப்பத்திரண்டு வருஷ சர்வீஸும்மா. உன் கை எனக்குத் தெரியாதா? இவ்ளோ கேவலமா உனக்குத் தைக்கவே வராது" என்றார் சிவராமன்.

நயமாக என்றுதான் சொல்ல வந்தேன் என்று அவர் திருத்துவதற்குள் தலைவியின் முகம் மாறிவிட்டது. பாவம், எத்தனை வார டீயோ.

வனஜா விடவில்லை. வேறு பத்து கவுன் தைத்துத் தருகிறேன், இதைக் கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினாள். சீல் விழுந்த உருப்படி திரும்ப வர விதியில் இடமில்லை என்றார் கார்த்திகா. நீலக் கவுனைப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலாக, தெரிகிற மாதிரி மடித்து வைத்து, டேப் ஒட்டினார்கள். பார்சல் வண்டி கீழே வந்து நின்றது.

ஞானகுமாரி வனஜாவின் தோளைத் தொட்டார். பெரிய மனசு அவருக்கு, கோபத்தை மறந்து புத்தி சொன்னார். "இப்படி சுயநலமா இருக்கலாமா வனஜா? அங்க இருக்கற பிள்ளைய ஒரு நிமிஷம் நெனச்சுப் பாரு. பொறந்தநாளுக்குக்கூடப் போட்டுக்க ஒரு நல்ல துணி இல்லாம நிக்குமே."

"அத்த நெனச்சு வேற பாக்கணுமாக்கா?" என்றாள் வனஜா. "எங்க ஊட்ல நின்னுகினு கீது."