எட்டு நாளில் ரைன் ஆறு

திராட்சைத் தோட்டம் பார்க்கப் போய்விட்டு எட்டாம் நாள் வலை இறக்கத் திரும்பி வந்துவிட வேண்டும். தெய்வசிகாமணிக்கு இருந்த சிக்கல் இவ்வளவுதான்.

பழவேற்காட்டு ஏரியில் இறால் விழும் இடங்களைக் குப்பத்தார் முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். தெய்வசிகாமணியின் பாடு முகத்துவாரத்தில், எட்டு நாளைக்கு ஒரு தடவை வரும். அன்றைக்கு வலை இறக்காதவன் முறை போனது போனதுதான். ஊர்க்கூட்டத்தில் புரண்டு அழுதாலும் திரும்பக் கிடைக்காது. அவன், பெண்டாட்டி ருக்கு, இரண்டு பெண் பிள்ளைகள், மாமியார் ராஜம்மா என்று ஐந்து வயிறும் அந்தப் பாட்டை நம்பித்தான் இருந்தன.

அப்படிப்பட்டவனுக்குத் திராட்சைத் தோட்ட ஆசை எப்படி வந்தது? ஒரு கிண்ணத்தால் வந்தது. ஹாலந்து தேசத்திலிருந்து வந்த உலாந்தாக்காரர் கோட்டை வாசலுக்கு அவன் நண்டு கொண்டுபோவான். உள்ளே பீப்பாய்க் கிடங்கைப் பார்த்துக்கொண்ட யாக்கோபு துரை, ஒரு நாள் நண்டின் ருசியில் மனம் குளிர்ந்து ஒரு கிண்ணம் திராட்சை ரசம் நீட்டினார். குடித்ததிலிருந்து அவனுக்கு ஒரே கேள்விதான். இது காய்க்கிற இடம் எப்படி இருக்கும்? ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டால் பார்த்தே தீருகிற ஜாதி அவன். நண்டு எப்படி ஓடு கழற்றுகிறது என்று பார்க்க மூன்று பகல் சேற்றில் குப்புறக் கிடந்த ஆள்.

துரையும் சளைக்காமல் சொன்னார். ரைன் என்று ஓர் ஆறு. கரையில் மலை. மலை முழுக்கத் திராட்சைக் கொடி. உச்சியில் இடிந்த கோட்டை, அடியில் சிவப்பு ஓட்டு வீடு, வீட்டு வாசலில் கூடையோடு ஒரு பெண். எத்தனை தடவை கேட்டாலும் அந்தப் பெண் அதே இடத்தில் அதே கூடையோடு நின்றாள். எவ்வளவு உழைப்பாளி என்று தெய்வசிகாமணி வியந்துபோனான்.

"எங்க ஊரு அது. குடும்பத்தோட ஒரு நடை வந்து பாரு," என்றார் துரை. சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் தமிழ் குப்பத்துத் தமிழ் மாதிரியே இருக்கும். நண்டுக் காலைக் கடித்து உறிஞ்சுவதும் அப்படித்தான். மூன்றே வருடத்தில் இவ்வளவு கற்றுக்கொண்டாரே என்று தெய்வசிகாமணிக்கு அவர்மேல் பெரிய மரியாதை. மூன்று வருடம் என்பது அவனாகப் போட்ட கணக்கு. வாசலில் அவர் தலை தெரிய ஆரம்பித்து மூன்று வருடம். குப்பத்து ஆண்கள் ஒருவரும் அந்த வாசலைத் தாண்டி உள்ளே போனது கிடையாது.

"எத்தினி நாள் ஆவும் துரை?"

துரை மேலே பார்த்து யோசித்தார். "ஆத்துல இறங்கிட்டா ரெண்டே நாளுன்னு எங்க நைனா சொல்லுவாரு."

போக இரண்டு, வர இரண்டு, ஊர் பார்க்க மூன்று. எட்டாம் நாள் விடியலில் முகத்துவாரத்தில் வலை. அச்சாகக் கணக்குப் பொருந்தியதில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

ருக்கு அப்படியெல்லாம் மயங்குகிறவள் இல்லை. அங்கே குளிருமா என்றாள். மறுநாள் கேட்டுக்கொண்டு வந்தான். குளிருமாம், ஆற்றுத் தண்ணீரே கல்லாகிவிடுமாம். உடனே வீட்டிலிருந்த பழைய பாய்த் துணியெல்லாம் மூட்டையாயிற்று. சாப்பாடு எப்படி என்றாள். உப்பில்லாத மீன்தானாம். உடனே ஒரு பெரிய பானை நிறையக் கருவாடு. ராஜம்மா தன் முட்டி வலிக்கு மலைக்காற்று நல்லது என்று யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லிக்கொண்டு, ஒரு கோழியையும் கூடையில் போட்டுக்கொண்டாள்.

"தண்ணி கல்லாயிட்டா தோணி எப்படி மாமா போவும்?" என்று ருக்கு கேட்டாள்.

"அதைத்தானே பாக்கப் போறோம்," என்றான் அவன்.

மூட்டைகளை ஏற்றியதுமே அவனுடைய தோணி விளிம்புவரை அமுங்கிவிட்டது. பெரிய படகு ருக்குவின் அண்ணன் உலகநாதனிடம் இருந்தது. தாராளமாகக் கொண்டுபோ, பதிலுக்கு வருகிற பாட்டை மட்டும் எனக்கு விட்டுவிடு என்றார் அவர். வருகிற பாடு அமாவாசைப் பாடு. இறால் கொட்டுகிற நாள். தெய்வசிகாமணிக்கு அதை விட மனசில்லை. ஆனாலும் பதினைந்து நாள் அவகாசம் கிடைத்ததாக மனசைத் தேற்றிக்கொண்டு தலையாட்டினான்.

பாடு கைமாறினால் ஊர்க்கூட்டத்தில் சொல்லியாக வேண்டும். சொன்னான். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். எலிசபெத் மட்டும், "யாரு வழி காட்டறது?" என்றாள். கோட்டைக்கும் குப்பத்துக்கும் அவள் ஒருத்திதான் மருத்துவச்சி.

"யாக்கோபு துரை. அவரு ஊருதானே அது."

அவள் சிரித்துக்கொண்டே வெற்றிலையை மடித்து வாயில் போட்டாள். நாலு பேர் சேர்ந்து சிரித்தார்கள். தெய்வசிகாமணிக்குச் சுருக்கென்றது. பிரசவம் பார்க்கிறவர்களுக்குக் கடல் வழி என்ன தெரியும் என்று கத்தினான். கத்தியதோடு விட்டானா? இல்லை.

"ரைன் ஆத்துல காலை நனைச்சு, திராட்சைக் கொடி ஒண்ணு கொண்டாந்து இந்த எடத்துல வைக்கிறேன். அதுவரைக்கும் என் பாடு எனக்கு வாணாம், போ."

கூட்டத்துக்கு நடுவில் சொன்ன சொல். பெரியவர்கள் சரி என்று எழுந்துவிட்டார்கள். கொடி வருகிற நாள்வரை முகத்துவாரத்துப் பாடு உலகநாதனுக்கு என்று முடிவாயிற்று. ருக்கு அன்றைக்கு அவனோடு பேசவே இல்லை.

மறுநாள்தான் கணக்கர் சுப்பராயலு எதிரில் வந்தார். போன மாதம் நாகப்பட்டினத்திலிருந்து கோட்டைக்கு எழுத வந்தவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, அந்த நாட்டுக்குக் கப்பல் போய்ச்சேர எட்டு மாதமாகுமே என்றார், ஏதோ சந்தைக்கு வழி சொல்வதுபோல.

தெய்வசிகாமணி கோட்டை வாசலுக்கு ஓடினான். எட்டு மாதம் என்று கேட்டதும் துரையின் முகம் வெளுத்துப்போயிற்று. பீப்பாய்களைத் திரும்பிப் பார்த்தார்.

"கப்பலு ஊரு ஊரா நின்னு மிளகு ஏத்திகினு போவுது, அதான் நாளாவுது. நாம நேராப் போறோம்."

"நாமன்னா? நீங்களும் வர்றீங்களா துரை?"

"பின்ன? எப்போ எப்போன்னு இருக்கேன் தெய்வசிகாமணி. துணைக்கு ஒரு ஆளு கெடைக்கலை, அவ்வளவுதான்."

தெய்வசிகாமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த ஊர்க்காரரே கூட வரும்போது எட்டு மாதமாவது, மண்ணாவது. வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் ருக்குகூடப் பேசிவிட்டாள்.

கிளம்புகிற காலை குப்பம் முழுக்கக் கரையில் நின்றது. பிள்ளைகள், பாய்த் துணி மூட்டை, கருவாட்டுப் பானை, கோழிக் கூடை எல்லாவற்றுக்கும் நடுவில் யாக்கோபு துரை சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படகின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். மடியில் துணி சுற்றிய சின்னப் பலகை ஒன்று. தூரத்தில் முகத்துவாரத்தில் உலகநாதன் வலை இறக்கிக்கொண்டிருந்தார். முதல் வலையே கனமாக ஏறியது இங்கிருந்து தெரிந்தது. தெய்வசிகாமணி அந்தப் பக்கம் பார்க்காமல் கழியை ஊன்றினான்.

"துரை, முகத்துவாரம் தாண்டினதும் வடக்கா, தெக்கா?"

துரை கடலைப் பார்த்தார். கோட்டையைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் துணியை விலக்கிப் பலகையைப் பார்த்தார். அதில் ஒரு படம் எழுதியிருந்தது. ஆறு, மலை, உச்சியில் இடிந்த கோட்டை, சிவப்பு ஓட்டு வீடு, வாசலில் கூடையோடு ஒரு பெண்.

"மொதல்ல ஒரு மலை வரும்," என்றார்.

"அதுக்கு முன்னாடி?"

துரை பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ருக்கு புருஷனைப் பார்த்தாள். கரையில் நின்றிருந்த எலிசபெத் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு ஓரடி முன்னால் வந்தாள்.

"அவரைக் கேட்டா இன்னா தெரியும்? அந்தக் கோட்டைக்குள்ள பொறந்து வளந்தவரு, தொப்புள்கொடி அறுத்ததே நான்தான். தோணி ஏறுறதே இன்னிக்குத்தான் மொத தடவை."