கூறைப்புடவை கட்டி ஆடிய ஆட்டம்

“துணிதானே? அது என் பொறுப்பு. நீங்க போய்ப் பந்த உதைங்க!”

அப்பாசாமி இப்படி வாயை விட்டதும் காஜா பெராங் காற்பந்துக் குழுவே எழுந்து நின்று கைதட்டியது. அப்பாசாமி ஒரு நாளும் பந்தை உதைத்தவரில்லை. பந்துதான் ஓரிரு முறை அவரை உதைத்திருக்கிறது. ஆனாலும் குழுவுக்கு மேனேஜர் அவர்தான். எப்படி ஆனார் என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாள் திடலோரம் நின்று “ஓடு, ஓடு” என்று கத்தினார். மறுநாளும் வந்து கத்தினார். கத்துகிறவருக்கு ஒரு பதவி கொடுத்தால் கொஞ்சம் அடங்குவார் என்று நினைத்து மேனேஜர் ஆக்கினார்கள். அடங்கவில்லை.

வீட்டில் அவருக்கு யாரும் கைதட்டுவதில்லை. அங்கே மேனேஜர் அவர் மனைவி சந்திரமதி.

ஜப்பான்காரன் மலாக்காவுக்குள் வந்து மூன்றாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. காலையில் மரவள்ளிக்கிழங்கு, மத்தியானம் மரவள்ளிக்கிழங்கு, ராத்திரி ஒரு மாறுதலுக்காக மரவள்ளிக்கிழங்குக் கஞ்சி. ஜனங்கள் கனவில்தான் அரிசி களைந்தார்கள். அப்படிப்பட்ட காலத்தில், காஜா பெராங்குக்கும் பக்கத்து ஊர் செமாபோக்குக்கும் நடக்கிற ஆட்டத்தில் ஜெயிக்கிற குழுவுக்கு ஒரு மூட்டை அரிசி பரிசு என்று அறிவித்தார்கள். கோப்பை என்றால் தோற்றால்கூடப் பரவாயில்லை, அதை வேகவைத்துத் தின்ன முடியாது. இது அரிசி! ஆட்டக்காரர் வீட்டுக்கெல்லாம் பங்கு. மேனேஜர் வீட்டுக்கும் பங்கு.

சிக்கல் துணியில் வந்தது. ஊரில் முக்கால்வாசிப் பேர் கோணியைத்தான் சட்டையாகத் தைத்துப் போட்டிருந்தார்கள். இரண்டு குழுவும் கோணியில் இறங்கினால் எது எந்த ஊர்க் கோணி என்று நடுவருக்கு எப்படித் தெரியும்? ஆகவே ஒவ்வொரு குழுவும் ஒரே நிறத்தில் மார்புக்குக் குறுக்கே பட்டை கட்டி வர வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். செமாபோக்காரர்கள் எங்கிருந்தோ ஒரு பழைய கொசுவலையைப் பிடித்துக் கிழித்துக் கட்டிக்கொண்டார்கள். காஜா பெராங்கில் கொசு இருந்தது, வலை இல்லை.

அப்பாசாமி ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவுக்கு ஓடினார். ஜவுளிக்கடை அலமாரிகளில் ஒட்டடைதான் இருந்தது. ஜவுளிக்கடைக்காரரே கோணிச் சட்டையோடு கல்லாவில் உட்கார்ந்திருந்தார். “துணி இருக்கா?” என்று கேட்டதற்கு அவர், யாரோ “நல்லா இருக்கீங்களா?” என்று நலம் விசாரித்தது போலச் சிரித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

வீட்டுக்குத் திரும்பியவருடைய கண் கட்டிலுக்கடியில் இருந்த தகரப் பெட்டியில் விழுந்தது. விழுந்த கண்ணை அவர் உடனே எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை.

அந்தப் பெட்டியில் சந்திரமதியின் கூறைப்புடவை இருந்தது. அரக்குச் சிவப்பு, சரிகைக் கரை. இந்த மூன்று வருஷத்தில் அவளுடைய கம்மல் கிழங்காகப் போனது, வளையல் மருந்தாகப் போனது, குத்துவிளக்கு தேங்காய் எண்ணெயாகப் போனது. புடவையை மட்டும் அவள் விடவில்லை. எப்போதாவது வெளியே எடுத்து, உதறி, முகர்ந்து பார்த்து, மறுபடி மடித்து வைப்பாள். அப்படிப்பட்ட புடவையை, அவள் பங்கீட்டுக் கடையில் வரிசையில் நின்றுகொண்டிருந்த நேரம் பார்த்து, அந்த மனுஷன் எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

தையற்காரர் கலியாணசுந்தரம் கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தார். பொட்டலத்தைப் பிரித்தவர் சரிகைக் கரையைத் தடவிப் பார்த்தார்.

“இது கூறைப்புடவை இல்ல?”

“ஆமாண்ணே. ஆனா கெடுதல் ஒண்ணும் இல்ல. ஆட்டம் முடிஞ்சதும் பட்டையெல்லாம் வாங்கித் தர்றேன். பழையபடி சேத்துத் தெச்சிருங்க. மடிப்புக்குள்ள போயிட்டா தையல் யார் கண்ணுக்குத் தெரியப் போவுது?”

“வீட்டுல தெரியுமா?”

“தெரியாம இருக்கத்தானே உங்ககிட்ட வந்தேன்!”

கலியாணசுந்தரம் புடவையை மறுபடி மெதுவாக மடித்தார். “சரி, வெச்சிட்டுப் போங்க” என்றார்.

சொன்ன நாளில் பட்டைகள் தயாராக இருந்தன. அரக்குச் சிவப்பில், ஓரத்தில் சரிகை மின்ன. அப்பாசாமி அவற்றைத் தொட்டுப் பார்க்கக்கூட இல்லை. கழுத்தில் மாலையோடு, தலையைக் குனிந்துகொண்டு, ஓரக்கண்ணால் தன்னைப் பார்த்த ஒரு பெண்ணை அல்லவா துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்திருக்கிறோம் என்று நினைத்தார். வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தார். நினைத்ததோடு சரி.

வீட்டிலோ சந்திரமதி என்றுமில்லாத உற்சாகத்தில் இருந்தாள். ஆட்டம் என்றாலே முகத்தைச் சுளிப்பவள், ஆட்டத்தன்று காலையில் சோற்றுப்பானையைப் பரணிலிருந்து இறக்கிச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“ஜெயிச்சிருவீங்கல்ல?”

“என்ன இப்படிக் கேட்டுட்ட? நான் மேனேஜர்!”

“அதனாலதான் கேக்கறேன்.”

பானை பளபளத்தது. அப்பாசாமியால் அதைப் பார்க்க முடியவில்லை. கிளம்பிவிட்டார். ஜெயித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். அரிசியோடு வருகிற புருஷனை யாராவது பெட்டியைத் திறந்து கேள்வி கேட்பார்களா?

ஆட்டம் அன்று அப்படி ஆடினார்கள் காஜா பெராங் பையன்கள்! வெறுங்கால்தான், கிழங்கு தின்ற உடம்புதான். ஆனால் முதல் பாதியிலேயே தியாகு ஒரு கோல் போட்டான். கொசுவலைக்காரர்கள் திகைத்துப்போய் நின்றார்கள். திடலோரத்தில் காஜா பெராங் ஜனம் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டது. அப்பாசாமிக்குப் பக்கத்தில் நின்ற பொன்னுதுரை, எல்லா ஆட்டத்துக்கும் முதல் ஆளாக வருகிறவர், “அண்ணே, இன்னிக்கு ரசமா, சாம்பாரா?” என்று கேட்டார். இரண்டு பேரும் அதைப் பற்றி வெகுநேரம் விவாதித்தார்கள். கடைசியில் முதல் நாள் ரசம் என்று முடிவாயிற்று.

இரண்டாம் பாதி முடிகிற சமயம். அதே ஒரு கோல், அதே முன்னிலை. பின்வரிசையில் பேக் ஆடிய தேவதாஸ் சுவர் மாதிரி நின்றான். எந்தக் கொசுவலை வந்தாலும் காலை நீட்டிச் சறுக்கி விழுந்து பந்தைப் பிடுங்கிவிடுவான். ஜனங்கள் சிலர் அரிசிக்குப் பை எடுத்துவர வீட்டுக்கே ஆள் அனுப்பிவிட்டார்கள்.

அப்போது மழை பிடித்தது.

கொட்டுகிற மழையில் அப்பாசாமி ஒன்றைப் பார்த்தார். தேவதாஸின் மார்பிலிருந்த பட்டையிலிருந்து சிவப்பு வழிந்து கோணியில் இறங்கிக்கொண்டிருந்தது. தியாகுவின் மார்பிலும் அப்படியே. திடல் முழுக்கக் கூறைப்புடவை கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. போதாததற்குச் சேறு. அப்பாசாமிக்கு ஆட்டம் மறந்துவிட்டது, அரிசி மறந்துவிட்டது, ரசமும் மறந்துவிட்டது. கண்ணுக்கு முன்னால் சந்திரமதி புடவையை உதறி முகர்ந்து பார்த்தாள்.

செமாபோக்காரன் ஒருவன் பந்தோடு பாய்ந்து வந்தான். தேவதாஸ் வழக்கம்போலச் சறுக்கி விழக் காலை நீட்டினான்.

“டேய் தேவதாஸ்! விழாதடா! துணி! துணி பத்திரம்!”

மேனேஜர் குரல். பழகிய குரல். தேவதாஸ் நீட்டிய காலை இழுத்துக்கொண்டு, இரண்டு கையாலும் மார்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றான். பந்து அவனைத் தாண்டிப் போய்க் கோலுக்குள் விழுந்தது.

காஜா பெராங் குழு முழுவதும் தேவதாஸைச் சூழ்ந்துகொண்டது. “ஏண்டா நின்ன?” “மேனேஜர் சொன்னாரு!” “பந்தப் புடிக்க வேணாம்னா சொன்னாரு?” “துணியப் புடிக்கச் சொன்னாரு!” இந்த வழக்கு முடிவதற்குள் ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது. தொடங்கியது தெரியாமல் பாதிப் பேர் இன்னும் தேவதாஸிடம் நியாயம் கேட்டுக்கொண்டிருக்கையில் செமாபோக் இரண்டாவது கோலையும் போட்டது. விசில் ஊதிவிட்டார்கள்.

மழையில் நனைந்துகொண்டு ஜனங்கள் திரும்பி நடந்தார்கள். வரும்போது பாட்டுப் பாடி வந்தவர்கள். பை எடுத்து வந்தவர்கள் பையைத் தலையில் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் மழையைத் திட்டினார். ஒருவர், “நம்ம நேரத்துக்கு ஆட்டம் இன்னும் தொடங்கவே இல்ல. ஜப்பான்காரன் மாத்தி வெச்ச தோக்கியோ நேரத்துல போட்ட கோலு எப்படிச் செல்லும்?” என்று கேட்டார். இதற்கு நாலு பேர் தலையாட்டினார்கள். இன்னொருவர் தன் ஆயுசில் இனி பந்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்று சத்தியம் செய்தார். பொன்னுதுரை அப்பாசாமி பக்கத்திலேயே நடந்து வந்தார். கடைசியில், “ரசம்னு சொன்னோமேண்ணே” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அப்பாசாமியால் அதைத் தாங்க முடியவில்லை.

“யாருய்யா அது, துணி துணின்னு கத்துனது?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

அப்பாசாமி நடையை எட்டிப் போட்டார். ஓட்டம் என்று சொல்ல முடியாது, நடை என்றும் சொல்ல முடியாது. ஊரே சேர்ந்து சாப்பிட வேண்டிய சோற்றை ஒரே கத்தலில் கொட்டிவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. கையில் இருந்தது பையன்களிடமிருந்து கழற்றி வாங்கிய, நனைந்த, சாயம் போன, சேறு படிந்த ஒரு கட்டுத் துணி. அரிசியும் இல்லை, புடவையும் இல்லை.

சந்திரமதி வாசலில் நின்றிருந்தாள். அவர் தோளைப் பார்த்தாள். மூட்டை இல்லை.

“தோத்துட்டீங்களா?”

“கடைசி வரைக்கும் நாமதான் முன்னால.”

“கடைசியில?”

“கடைசியில அவங்க.”

அவள் உள்ளே போய் அடுப்பிலிருந்த பானையை இறக்கினாள். வெறும் தண்ணீர் நன்றாகக் கொதித்துக்கொண்டிருந்தது. உலை வைத்துக் காத்திருந்திருக்கிறாள். அதைப் பார்த்ததும் அப்பாசாமி உடைந்துவிட்டார். அப்படியே தரையில் உட்கார்ந்து, துணிக்கட்டை அவள் முன்னால் வைத்தார்.

“சந்திரா, நான் பாவி. உன் கூறைப்புடவைய எடுத்துக் குடுத்தேன். வெட்டிட்டாங்க. சாயம் போச்சு. துணி கெட்டுப் போவுதேன்னு நான் போட்ட சத்தத்துலதான் ஆட்டமே போச்சு. என்னை என்ன வேணா சொல்லு.”

சந்திரமதி கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்துத் திறந்தாள். உள்ளே கூறைப்புடவை இருந்தது. மடிப்புக் கலையாமல், சரிகை மின்னிக்கொண்டு, முழுசாக.

அப்பாசாமி கண்ணைக் கசக்கிக்கொண்டார். புடவையைத் தொட்டுப் பார்த்தார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

“இது எப்படி இங்க?”

“கலியாணசுந்தரம் அண்ணன் அன்னிக்கே கொண்டாந்து குடுத்துட்டாரு. கூறைப்புடவைக்கு எந்தத் தையக்காரரும் கத்தரி வெக்க மாட்டாங்களாம். வெட்டினா புருசன் உசுருக்கு ஆகாதாம்.”

“நீ ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னா சண்ட வரும். சண்ட வந்தா துணி போயிரும். துணி போனா ஆட்டம் போயிரும், ஆட்டம் போனா அரிசி போயிரும். வாயத் தொறக்காம இருந்தேன். நீங்களும் அப்படி இருந்திருந்தா இந்நேரம் சோறு வெந்திருக்கும்.”

நியாயம்தான். அப்பாசாமி தலையைக் குனிந்தார். அந்தக் கத்தல் தேவையே இல்லாத கத்தல் என்று இப்போதுதான் உறைத்தது. புடவை பெட்டிக்குள் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தபோது, திடலில் நின்று எதையோ காப்பாற்றப் போய் ஊர்ச் சோற்றைக் கெடுத்திருக்கிறார். குனிந்த தலை முன்னாலிருந்த ஈரத் துணியைப் பார்த்தது. சிவப்பு போன இடத்தில் சந்தன நிறம் தெரிந்தது. சரிகைக் கரை எங்கேயோ பார்த்த கரையாக இருந்தது.

“அப்ப இது என்ன துணி?”

“மஞ்சளும் சுண்ணாம்பும் கரைச்சு நான்தான் முக்கிக் குடுத்தேன். நல்லாத்தான் செவந்திருந்திச்சு. மழ வரும்னு யாரு கண்டா?”

“சந்திரா... இது என் கலியாணப் பட்டு வேட்டி!”

“ஆமா.”

“அதுக்கு மட்டும் கத்தரி வெக்கலாமா?”

சந்திரமதி ஒரு துண்டு மரவள்ளிக்கிழங்கை அவர் கையில் வைத்தாள்.

“வேட்டிய வெட்டினா பொண்டாட்டிக்கு ஏதாச்சும் ஆகுமான்னு அதையும் கேட்டுட்டேங்க. ஒண்ணும் ஆகாதாம்.”