நானோ செகண்டும் அம்மன் புடவையும்

காஞ்சிபுரத்தில் மனிதர்களின் பொறுமையைச் சோதிப்பதற்கென்றே அம்மன் ஒரு பிறவியைப் படைத்தாள் என்றால், அது நானோ செகண்டுதான். கம்ப்யூட்டர் ரிப்பேர்காரன். ஒரு விநாடியை நூறு கோடித் துண்டு போட்டால் வரும் ஒரு துண்டுக்கு நானோ செகண்டு என்று பெயராம். வாயைத் திறந்தால் அந்தப் பேச்சுதான், அதனால் ஊர் வைத்த பேர். ஆனால் திங்கட்கிழமை கூப்பிட்டால் வியாழக்கிழமை வருவான்.

பிள்ளையார்பாளையத்தில் எனக்குச் சின்ன டிசைன் கடை. புடவையின் பார்டரையும் முந்தியையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து, தறிக்கு ஓட்டை போட்ட அட்டையாக அடித்துக் கொடுப்போம். மெஷின் நின்றால் நானோ வருவான். ரேம் என்கிற நினைவகப் பட்டையைக் கழற்றி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் ரப்பரால் அதன் பல்லைத் தேய்த்து மாட்டுவான். வேலை ஐந்து நிமிடம், பிரசங்கம் ஒரு மணி நேரம், காபி இரண்டு.

கோயிலில்கூட விடமாட்டான். தீபாராதனையில் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்ள, இவன் வாட்ச்சைப் பார்ப்பான். பிரசாத வரிசையில் என் காதைக் கடிப்பான்.

"பாருண்ணே, நீ கை நீட்டுனதுலேர்ந்து மொத புளியோதர கையில வுழற வரைக்கும் ஒரு நேரம் ஆவுதே, அது லேட்டன்சி. அப்பால எவ்ளோ வேகமா போட்டுக்கினே போறாரு, அது ஸ்பீடு. பழைய எஸ்டி ரேமு ஒரு கையால போட்டுச்சு. அப்பால வந்த டிடிஆர் ரெண்டு கையால போடுது. இப்ப வந்த டிடிஆர் டூ அதுக்கும் டபுளு. ஆனா மடப்பள்ளிலேர்ந்து வர நேரம் மட்டும் பெருசா கொறையவே இல்ல."

"சாமிய கும்புடுய்யா."

"கும்புட்டுக்கினுதான் இருக்கேன்."

என் மகளுக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. மூன்றாவது முறை ஏழு மாதம் தாண்டியதும், என் கடையில் வரைந்த புடவையை ஆடி வெள்ளியன்று அம்மனுக்குச் சாத்துவதாக வேண்டிக்கொண்டேன். தறிக்கு இருபது நாள் வேண்டும். முந்தியில் ஒவ்வொரு யாளியாகச் சேரச் சேர, என் டிடிஆர் மெஷினுக்கு மூச்சு வாங்கியது.

நானோ ஒரு டிடிஆர் டூ மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தான். இரண்டு மெஷினின் ரேமிலும் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். பழையதில் லேட்டன்சி இரண்டரை, புதியதில் ஐந்து. நான் பட்டுக்காரன். பட்டு நூலில் எண் குறைந்தால் மெலிசு, ஏறினால் மோட்டா. எனக்குத் தெரிந்த படிப்பு அதுதான்.

"ரெண்டரைய புடுங்கிக்கினு அஞ்ச தலையில கட்டுறியா? மோட்டா நூல் விக்கிறவன்கூட இப்டி பண்ணமாட்டான்."

"அண்ணே, அது அடிக்கணக்குண்ணே, நேரமில்ல. பழசு ரெண்டரை அடி வெக்குது, அடிக்கு அஞ்சு நானோ செகண்டு. புச்சு அஞ்சு அடி வெக்குது, அடிக்கு ரெண்டரை. பெருக்கிப் பாரு, ரெண்டும் பன்னெண்டரை. வர நேரம் அதேதான். வந்தப்புறம் ரெண்டு மடங்கு அள்ளிப் போடும்."

"எனக்கே வாய்ப்பாடு சொல்லித் தரியா? எடுத்துக்கினு போ."

தெருவே வேடிக்கை பார்க்க, மெஷினை மொபெட்டில் கட்டிக்கொண்டு போனான். திருட்டைப் பிடித்துவிட்டதாக அன்றைக்கு எனக்கு ஒரு தூக்கம் வந்தது பாருங்கள், அப்படி ஒரு தூக்கம்.

அட்டை அடிக்க வேண்டிய கடைசி நாள் காலை, ஒரு யாளிக்குப் பாதி வால் முளைத்த நிலையில் திரை உறைந்துபோனது. மூன்று முறை அணைத்துப் போட்டேன். முந்தி திறக்கவேயில்லை.

"வாயி மட்டும் நல்லா நீளுது உங்களுக்கு," என்றாள் மனைவி. "போன் பண்ணுங்க அந்த ஆளுக்கு."

வெட்கத்தை விட்டுப் பண்ணினேன். வியாழக்கிழமைக்காரன் பத்தே நிமிடத்தில் வந்து நின்றான், அதே மெஷினோடு.

"இன்னும் விக்கலியா இத?"

"கேட்டாங்கண்ணே. ஆடி வருதேன்னு குடுக்கல."

பழைய மெஷினின் டிஸ்க்கைப் புதியதில் மாட்டினான். முந்தி பிரித்து உதறிய புடவை மாதிரி விரிந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்த மடையன் அதைக்கூடக் கவனிக்காமல், "பன்னெண்டரைண்ணே, பன்னெண்டரை" என்று ஒரு மணி நேரம் அறுத்தான்.

ஆடி வெள்ளிக்குப் புடவை சாத்தினோம். வருகிறேன் என்ற நானோ வரவில்லை. ஆவணியில் பேத்தியைத் தூக்கிக்கொண்டு சந்நிதிக்குப் போனோம். அவள் பேருக்கு அர்ச்சனை முடிந்ததும் இன்னொரு தட்டை நீட்டினேன்.

"பேரு, நட்சத்திரம்?" என்றார் அர்ச்சகர்.

இத்தனை வருஷம் நானோவுக்குக் காபி கொடுத்திருக்கிறேன். அவன் பேரை ஒருநாளும் கேட்டதில்லை.

"அம்மன் பேருக்கே பண்ணிடுங்க சாமி," என்றேன். "யாருக்குன்னு அவளுக்குத் தெரியும்."