துயர வெளிப்பாட்டுத் திறன் விருத்திச் செயலமர்வு

சோகம் தானாக வரும் என்று நினைப்பது பாமரத்தனம். எல்லா உயர்ந்த கலைகளையும் போல அதற்கும் பயிற்சி வேண்டும், தாள்கள் வைக்கக் கோவை வேண்டும், தேநீர் இடைவேளை வேண்டும். இந்த மகத்தான உண்மையைத் தீவகத்துக்கு முதன்முதலில் கொண்டுவந்த பெருமை 'எழுந்து நட' நிறுவனத்தையே சாரும். சக்கர நாற்காலி செய்கிற நிறுவனத்துக்கு அப்படியொரு பெயரைத் தேடிப்பிடித்தவர் யாரோ, அவர் நீடூழி வாழ்க.

2003ஆம் ஆண்டு. போர் ஓய்ந்த சமாதான காலம். தீவுகளில் ஆடுகளுக்கு அடுத்தபடியாகத் தொண்டு நிறுவனங்களின் வெள்ளை வாகனங்கள் மேய்ந்துகொண்டிருந்தன. நாரந்தனையில் பூட்டிக்கிடந்த கூட்டுறவுச் சங்கக்கடையைத் திறந்து நிறுவனம் பட்டறை போட்டது. அங்கே சில்லுப் பூட்டுகிறவள் அன்ரனிட்டா. விறகு பொறுக்கப் போன இடத்தில் மிதிவெடி அவளுடைய வலது காலைக் கொண்டுபோனது. பிறகு ஆறு வருடம் வீட்டு மூலையில் கிடந்து கூரைத் தகரத்து ஓட்டைகளை எண்ணினாள். பட்டறைக்கு வந்து முதலாவதாகச் செய்தது தனக்கொரு சக்கரக் கதிரை. பின்னால் இரண்டு சைக்கிள் சில்லு, முன்னால் ஒரு அகலச் சில்லு. தீவு மணலில் புதையாமல் ஓடுகிற கதிரை அது.

வேலை கிடைத்த நாளிலிருந்து அவளைப் பாரதூரமான ஒரு வியாதி பீடித்தது. சிரிப்பு. குழாய் வளைக்கிற கிறிஸ்தோப்பருக்கும் அது தொற்றிவிட்டது. கடற்தொழிலில் இடது கையைப் பறிகொடுத்த மனிதர், பைப்பை முழங்காலில் வைத்து வளைக்கும்போதுகூடச் சிரித்தார்.

நிறுவனத்தின் திட்ட இணைப்பாளர் வசீகரன் கமராவோடு வந்தபோதுதான் வியாதியின் ஆபத்து வெளிப்பட்டது. வெளிநாட்டுக் கொடையாளர்கள் படம் கேட்டிருந்தார்கள். 'உருக்கமான' படம். மாத முடிவுக்குள் போகாவிட்டால் பட்டறைக்குப் பூட்டு.

"தங்கச்சி, கொஞ்சம் கவலையா இரும் பாப்பம்."

"எதைப் பற்றி, சேர்?"

"பொதுவா."

அன்ரனிட்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, அந்தக் கதிரையால இறங்கி நிலத்தில இரும்."

"இது நான் செய்த கதிரை சேர். இதில இருக்கிறதை எடுங்கோவன்."

"நல்லா இருக்கிற ஆளைப் பாத்து ஆர் உதவி செய்வினம்?" என்ற வசீகரன், கிறிஸ்தோப்பர் பக்கம் திரும்பினார். "அண்ணை, நீங்கள் கையைக் காட்டுங்கோ."

கிறிஸ்தோப்பர் வலது கையைக் காட்டினார்.

"அது இல்லை, மற்றது."

"மற்றது இல்லாதபடியாத்தானே சேர் இதைக் காட்டுறன்."

அன்று எடுத்த முப்பத்தாறு படத்திலும் முப்பத்தாறு சிரிப்பு. நிறுவனம் ஆடிப்போனது. அவசரக் கூட்டம் கூடி, 'பயனாளிகளிடம் துயரம் போதாது' என்று கண்டறிந்து, இரண்டு நாள் பயிற்சிச் செயலமர்வு ஒன்றைப் பிரகடனப்படுத்தியது.

அன்ரனிட்டாவுக்கு உள்ளுக்குள் பயம்தான். பூட்டுப் போட்டால் மறுபடி அந்த வீட்டு மூலை. சுருவில் ஊரிலிருக்கிற தியாகலிங்கம் மாஸ்ரருக்கான கதிரை வேறு முன்சில்லுப் பூட்டாமல் நின்றது. பக்கவாதம் வந்து வருடக்கணக்காக வாசலைத் தாண்டாத மனிதர், நாளுக்கொரு ஆளை அனுப்பி "முடிஞ்சுதோ?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். எப்படியாவது அழுதுவிட வேண்டும் என்று அவள் செபமாலை சொல்லிக்கொண்டுதான் செயலமர்வுக்குப் போனாள்.

முதல்நாள் கோவை, பேனை, நெஞ்சில் குத்தப் பெயரட்டை எல்லாம் கொடுத்தார்கள். பெரிய தாளில் ஒரு முகம் வரைந்து, கண் எவ்வளவு தாழ வேண்டும், உதடு எந்தப் பக்கம் இழுபட வேண்டும் என்று அம்புக்குறி போட்டு விளக்கினார்கள். பிறகு 'குழுச் செயற்பாடு': இருவர் இருவராகப் பிரிந்து பத்து நிமிடம் கவலைப்படவும். கவலைப்பட்டார்கள். தேநீரோடு கடிக்க றோல்ஸ் வந்தது. கவலை போய்விட்டது.

இரண்டாம் நாள் பயிற்சி கொடுக்கிற உள்ளூர் வளவாளராக அல்போன்சம்மா அழைக்கப்பட்டார். பெரிய வெள்ளியன்று கோயிலில் அவர் ஒப்பாரி எடுத்தால் வாசலில் நிற்கிற ஆமிக்காரனும் கண்ணைத் துடைப்பான். அவருக்கும் பெயரட்டை குத்தினார்கள்.

"தம்பி, ஆண்டவர் சிலுவையில இல்லாம எனக்கு வராது."

"இண்டைக்கு மட்டும் ஆண்டவருக்குப் பதிலா இந்தத் தங்கச்சியை வைச்சுப் பாடுங்கோ அம்மா."

அல்போன்சம்மா சிலுவை போட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு, அன்ரனிட்டாவின் தலையில் கைவைத்து ராகம் இழுத்தார். "ஐயோ என்ர மகளே... உன்ர காலெங்கே போனதடி..."

ஒப்பாரியில் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்கிற வழக்கம் உலகத்தில் எங்கேயும் இல்லை. ஆனால் பயிற்சியில் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லவேண்டும் என்று முதல்நாளே அறிவுறுத்தியிருந்தார்கள். அன்ரனிட்டா பயபக்தியோடு சொன்னாள்:

"சரவணைப் பக்கத்துப் பனை வடலிக்குள்ள மாமி. கிணத்தடிக்குக் கிழக்காலை."

அல்போன்சம்மாவுக்கு ராகம் தடுக்கியது. ஆனாலும் விடவில்லை. "தனியாப் போச்சுதோடி... துணையில்லாமல் போச்சுதோடி..."

"இல்லை மாமி, செருப்போட. அண்டைக்குத்தான் வாங்கின செருப்பு!"

முதலில் சிரிப்பால் வெடித்தது வளவாளர்தான். கிறிஸ்தோப்பர் கதிரையோடு பின்னால் சாய்ந்து விழுந்தார். அன்ரனிட்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். மூச்சு எடுக்க ஏலாது, முகம் கோணி, கண்ணால் நீர் தாரை தாரையாக ஓடியது. வசீகரன் பாய்ந்து கமராவை அமுக்கினார்.

படம் கடல்கடந்து போய், 'வார்த்தைகளுக்கு அப்பாற்பட்ட வேதனை' என்ற தலைப்பில் சுவர் சுவராக ஒட்டப்பட்டது. அங்கே பார்த்தவர்கள் தேம்பினார்களாம். தேம்பியதோடு நில்லாமல், கொள்கலன் நிறைய, நாற்பது சக்கர நாற்காலிகளை அனுப்பிவைத்தார்கள். பளபளவென்று, விரலளவு சில்லுகளோடு, வழவழத்த ஆஸ்பத்திரித் தரைக்கென்றே பிறந்த நாற்காலிகள்.

நாற்பது வந்தபின் நாலு பேர் குந்தியிருந்து செய்வானேன்? 'தேவை பூர்த்தி' என்று எழுதி நிறுவனம் பட்டறையைப் பூட்டியது. முன்சில்லுப் பூட்டாத கதிரை உள்ளேயே நின்றுவிட்டது.

கையளிப்பு வைபவம் சுருவிலில், தியாகலிங்கம் மாஸ்ரர் வீட்டில் நடந்தது. படத்தால் புகழ்பெற்ற அன்ரனிட்டாவே தன் கையால் கொடுக்கவேண்டும் என்று வாகனத்தில் ஏற்றிப் போனார்கள். மாஸ்ரரைப் புது நாற்காலியில் தூக்கி இருத்தித் தள்ளினார்கள். வாசலைத் தாண்டியதும் மணல். சில்லு நான்கும் புதைந்தன. நாலு பேர் சேர்ந்து தள்ள, இன்னும் புதைந்தன.

"பிள்ளை," என்றார் மாஸ்ரர் தாழ்ந்த குரலில், "எனக்கு இது வேண்டாம். நீர் செய்து வைச்சிருக்கிறதைத் தாருமன்."

அன்ரனிட்டா வாய் திறந்தாள். அழுதாள். கண் தாழ்ந்து, உதடு இழுபட்டு, அம்புக்குறி ஒன்றும் பிசகாமல் அழுதாள். வசீகரன் கமராவை அமுக்கிவிட்டு, மெய்சிலிர்த்து நின்றார்.

"வலு திறம் தங்கச்சி! அண்டைக்கு இரண்டு நாள் பழக்கியும் உமக்கு இது வரேல்லையே?"

"அண்டைக்கு எனக்கு வேலை இருந்தது சேர்."

இந்தப் பதில் அறிக்கையில் இடம்பெறவில்லை. படம் மட்டும் நிறுவனத்தின் அடுத்த வருடக் கலண்டரில் தை மாதத்துக்கு வந்தது. கீழே இரண்டே சொற்கள் போட்டிருந்தார்கள்: 'ஆனந்தக் கண்ணீர்.'