குழித்தறியில் படுத்த குட்டி

பெரிய நாய் நம் வீட்டுக்குச் சரிப்படுமா என்று யோசிக்கிறவன் உண்மையில் யோசிப்பதில்லை. முதலில் முடிவு செய்துவிடுகிறான். அப்புறம் அந்த முடிவுக்கு ஏற்ற வீடியோக்களைத் தேடிப் பார்க்கிறான். நானும் பார்த்தேன்.

எங்கள் வீடு பெரிய காஞ்சிபுரத்தில், ரயில் பெட்டி போல ஒடுங்கி நீண்ட நெசவாளர் வீடு. பக்கத்துத் தெருவில் ஒரு சைக்கிள் காணாமல் போன அன்றே ஊரைக் காக்கும் பொறுப்பு என் தலையில் ஏறிவிட்டது. கூட வேலை பார்க்கும் முரளியிடம் ஒரு காகேசியன் ஷெப்பர்ட் இருந்தது. பனிமலையில் ஓநாய்களிடமிருந்து ஆடுகளைக் காக்கிற இனம். சின்னதாக வந்தபோது வைத்த ‘குட்டி’ என்ற பெயரை அப்புறம் மாற்ற யாருக்கும் தைரியம் வரவில்லை. முரளி துபாய்க்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

“ஒரு வாரம் வச்சிப் பாருடா. செட் ஆகலன்னா கூரத்துல எங்க மாமாவோட ஆட்டுப் பண்ணைக்கு அனுப்பிடலாம்” என்றான்.

வீடியோவில் ஒருவர் கேட்ட கேள்விகளுக்கு நேர்மையாகப் பதில் சொல்லிக்கொண்டேன். வீடு குளிர்ச்சியாக இருக்குமா? மின்விசிறி இருக்கிறது. அமைதியான வீடா? ஆமாம். (தறிச் சத்தமெல்லாம் எங்கள் காதில் விழாது.) வெளியாட்கள் அடிக்கடி வருவார்களா? இல்லவே இல்லை. தினமும் வந்துபோகிற ஜரிகைக்காரரையும் புடவை வாங்க வருகிறவர்களையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை.

என் மனைவி சுமதி கேட்டது ஒரே கேள்வி. “இது எங்க படுக்கும்?”

“அதோட இடத்த அதுவே பாத்துக்கும்” என்றேன்.

பார்த்துக்கொண்டது. வியாழக்கிழமை சாயங்காலம் மூச்சிரைக்க வந்த குட்டி, வீட்டை ஒரு சுற்றுச் சுற்றியது. வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் நைனாவின் (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) குழித்தறி. தறிக்குக் கீழே, நெய்கிறவர் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிடுகிற மண்குழி. குட்டி அதற்குள் இறங்கிச் சுருண்டது. அளவெடுத்து வெட்டின மாதிரி இருந்தது.

தறியில் ஒரு முகூர்த்தப் புடவை. நெய்து முடிக்கக் கொஞ்சம்தான் பாக்கி. மறுநாள் வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம் தொடங்குமுன் பெண் வீட்டார் கையில் கொடுத்தாக வேண்டும். தாண்டினால் அவர்கள் வாங்க மாட்டார்கள். நைனா சொன்ன நேரத்துக்குப் புடவை கொடுக்காமல் இருந்ததே இல்லை.

விடிந்ததும் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தேன். உறுமியது. கெஞ்சினேன். உறுமியது. பிஸ்கட் போட்டேன். தின்றுவிட்டு உறுமியது. முரளிக்குப் போன் போட்டேன்.

“சிக்கனைக் காட்டுடா, எழுந்து வந்துடும்.”

“வெள்ளிக்கிழமைடா!”

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை முட்டை என்ற சொல்லைக்கூட உரக்கச் சொல்ல முடியாது. முகூர்த்தப் புடவை தறியில் இருக்கும்போது நினைக்கவே கூடாது.

நைனா குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வந்தார். “இன்னாடா பண்ணிக்கினு இருக்கிற?”

“குட்டிய எழுப்பறேன் நைனா.”

“தூங்கறத ஏன்டா எழுப்பற?” என்றபடி வழக்கம்போல உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“கொஞ்சம் தள்ளிப் படுப்பா” என்று குரல் கேட்டது. அப்புறம் தறிச் சத்தம் கேட்டது. நைனா மிதிகட்டையை மிதிக்க மிதிக்க, கீழே குட்டி சுகமாகப் பெருமூச்சு விட்டது.

பத்து மணிக்குப் பெண் வீட்டார் வந்தபோது புடவை முடிந்திருந்தது. பெண்ணின் தாய்மாமன் ஆசையாகத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார். தரைக்கு அடியிலிருந்து லாரி கிளம்புகிற மாதிரி ஒரு சத்தம். தொடர்ந்து, தறிக்குப் பக்கத்தில் ஒரு தலை எழுந்தது. எல்லோரும் தெருவுக்கு ஓடினார்கள். முதலில் ஓடியது நான். (கூட்டத்துக்கு வழிகாட்டத்தான்.)

“ராகு காலம் வந்துக்கினு இருக்குதுபா! பொடவைய குடுங்க!” என்று தாய்மாமன் எதிர்வீட்டு வாசலிலிருந்து கத்தினார்.

நைனா பதறவில்லை. புடவையைத் தறியிலிருந்து இறக்கி மடித்து, மஞ்சள் குங்குமத்தோடு தட்டில் வைத்து எடுத்து வந்தார். குட்டி அவரை உரசிக்கொண்டே வாசல்வரை வந்தது. தாய்மாமனைக் காட்டி, “நம்ம ஆளுதான்பா, விடு” என்றார். குட்டி வாலை ஆட்டியது. தாய்மாமன் எட்ட நின்றே தட்டை வாங்கிக்கொண்டார். பத்தரை இன்னும் ஆகவில்லை.

அப்பாடா என்று நானும் படியேறினேன். குட்டி உறுமியது. வெளியாட்களோடு ஓடியவன் வெளியாள் என்பது அதன் கணக்கு. நைனா சாப்பிடப் போய்விட்டார். ராகு காலம் முழுவதும் நான் எதிர்வீட்டு வாசலில்தான் இருந்தேன். நடுவில் சுமதி சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

“இப்ப நீங்க எங்க படுப்பீங்க?”

குட்டி இப்போது கூரத்து ஆட்டுப் பண்ணையில், பம்ப்செட் தொட்டிக்குள் படுத்தபடி ஆடுகளைக் காக்கிறது. நைனா அவ்வப்போது வண்டியில் போய்த் தயிர்சாதம் கொடுத்துவிட்டு வருகிறார். நாய் நம் வீட்டுக்கு நன்றாகவே சரிப்பட்டது, ஒருத்தன்தான் சரிப்படவில்லை என்று சொந்தக்காரர்களிடம் சொல்கிறார்.

இன்றைக்கும் நான் வேலை முடிந்து வந்து கதவைத் தட்டினால், தறியில் இருக்கிற நைனா காலடியில் காலியாகக் கிடக்கும் குழியைப் பார்த்து, “நம்ம ஆளுதான்பா, விடு” என்பார்.

சில நாள் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொல்வார்.